இணையவழி வகுப்பும் நம் மருத்துவமனை ஊழியமும்





குணமாக்கும் ஊழிய ஞாயிறன்று சபை ஒன்றில் நம் மருத்துவமனையின் தேவைகளை அறிவித்தோம். ஆராதனை முடிந்ததும், நெடுங்காலமாக நம்மைத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்துக் கேட்டார்: "இத்தனை வருஷமும் கட்டிலுக்கும் மருந்துக்கும் கொடுத்தோம், ஐயா. இந்த வருஷம் பெரிய டி.வி.க்கும் இன்டர்நெட்டுக்கும் கேட்கிறீங்க. அதனால நோயாளிக்கு என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. காணிக்கை கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. அன்று ஆலய வாசலில் நின்றபடி அவருக்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடிந்தது. அவரைப்போலவே நினைக்கிறவர்கள் இன்னும் பலர் இருக்கக்கூடும் என்பதால் இந்த மடலில் சற்று விரிவாக எழுதுகிறோம்.

வியாழக்கிழமை வகுப்பு

நம் மருத்துவமனையின் தாதியர் வகுப்பறையில் வியாழக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு வகுப்பு நடக்கிறது. சுவரில் ஒரு பெரிய திரை, அதன் மேல் ஒரு சிறிய கேமரா, மேஜையில் ஒரு மைக். வேறு கருவி எதுவும் இல்லை. அதன் முன் நம் டாக்டர்களும் தாதியரும் அமருவார்கள். திரையிலே சிறு சிறு கட்டங்களாகப் பல முகங்கள் தோன்றும். அவர்களில் சிலர் பெரிய நகரத்து மருத்துவமனையின் நிபுணர்கள். மற்றவர்கள் நம்மைப்போலவே மலையடிவாரங்களிலும் தாலுகா ஊர்களிலும் பணிசெய்யும் டாக்டர்களும் தாதியரும். வலி தணிப்பு சிகிச்சையே அங்கே பாடம். குணமாக்க இயலாத நிலைக்கு வந்துவிட்ட புற்றுநோயாளிகளையும், நெடுநாள் நோயினால் துன்பப்படுவோரையும், வேதனையின்றியும் மதிப்போடும் கவனித்துக்கொள்ளும் வழியைக் கற்பிக்கும் வகுப்பு அது.

நோயாளியின் மனத்துயரும் ஆத்தும பாரமும் இச்சிகிச்சையில் அடங்கும் என்பதால் மருத்துவமனைப் போதகர்களாகிய எங்களையும் வகுப்புக்கு அழைத்தார்கள். இந்த வயதிலே இனி எதற்கு இதெல்லாம் என்று சற்றுத் தயங்கியே போய் உட்கார்ந்தோம். முதல் வாரத்திலேயே அந்தத் தயக்கம் அகன்றுபோயிற்று.

அன்று நம் இளம் டாக்டர் ஒருவர் ஒரு தாயாரைப்பற்றித் திரையின் முன் எடுத்துரைத்தார். அவருடைய மகனின் அனுமதியோடு, பெயரும் ஊரும் குறிப்பிடாமல் இதை எழுதுகிறோம். வயது அறுபதுக்கு மேல். பல வருஷம் வெற்றிலையோடு புகையிலையும் போட்டவர். வாயிலே புற்றுநோய். பெரிய மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கன்னத்தில் ஆறாத புண். இரவு முழுவதும் வலியால் முனகுகிறார். இரண்டு பேருந்துகள் மாறித்தான் நம்மிடம் வர வேண்டும். சாதாரண வலி மாத்திரைகளுக்கு வலி அடங்கவில்லை. மார்ஃபின் கொடுக்கலாமா என்று டாக்டருக்கு யோசனை. கொடுத்தால் மூச்சு நின்றுவிடுமோ, பழக்கமாகிவிடுமோ என்று பயம். அவர் மருத்துவக் கல்லூரியில் படித்த நாட்களில் இதைச் செய்து காட்டியவர் யாரும் இல்லை.

நிபுணர்கள் உடனே பதில் சொல்லிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். அவர்களோ கேள்விகளைக் கேட்டார்கள். எந்த நேரத்தில் வலி அதிகம்? எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? மலம் தடையின்றிப் போகிறதா? புண்ணில் வாடை இருக்கிறதா? வீட்டில் கவனிக்கிறவர் யார்? கடைசியாக மூத்த டாக்டர் ஒருவர் கேட்டார்: "அந்த அம்மா எதற்குப் பயப்படுகிறார்?"

எங்கள் அறையில் எவருக்கும் பதில் தெரியவில்லை. இரண்டு தடவை அவரைச் சந்தித்து ஜெபித்திருந்த எங்களுக்கும் தெரியவில்லை. எங்கள் ஊழியத்துக்குரிய கேள்வியை ஒரு டாக்டர் திரையின் வழியாக எங்களுக்குக் கற்றுத் தந்ததை எண்ணி வெட்கப்பட்டோம்.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பிறந்த முறை இது. தமிழ்நாட்டைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான நிலப்பரப்பு கொண்ட அம்மாநிலத்தில் 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி வாழ்கிறவர்கள் ஏறக்குறைய 21 லட்சம் பேரே. ஊருக்கும் ஊருக்கும் வெகு தூரம். அங்கே ஆல்புகர்க்கி நகரிலுள்ள நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நோய் நிபுணராக இருந்தவர் டாக்டர் சஞ்சீவ் அரோரா. இந்தியாவிலிருந்து சென்றவர். ஹெபடைடிஸ் சி என்னும் கிருமியால் கல்லீரல் கெட்டுப்போன நோயாளிகள் அவரைப் பார்க்கப் பல மாதங்கள் காத்திருந்தார்கள். மணிக்கணக்காகப் பயணம் செய்தும் வந்தார்கள். சிகிச்சைக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டியிருந்ததால் ஏழைகள் பலர் வராமலே இருந்துவிட்டார்கள். வந்தவர்களிலும் சிலர் காலம் கடந்த பின்பே வந்தார்கள்.

ஒரு மனிதர் எத்தனை நோயாளிகளைத்தான் பார்க்க முடியும்? ஆகவே 2003-ல் அவர் வேறொரு வழியைத் தெரிந்துகொண்டார். நோயாளிகளை நகரத்துக்கு வரவழைப்பதை விட்டு, கிராமத்து மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் தம் அறிவைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கினார். வாரந்தோறும் குறித்த நேரத்தில் காணொளி வழியாக எல்லாரும் கூடுவார்கள். முதலில் ஒரு சிறிய பாடம். அதன்பின் ஒவ்வொருவரும் தம் நோயாளியின் நிலையைப் பெயர் சொல்லாமல் எடுத்துரைப்பார்கள். எல்லாரும் சேர்ந்து ஆலோசிப்பார்கள். சிகிச்சையை அளிப்பவர் கிராமத்து மருத்துவரே. அடுத்த வாரம் வந்து, என்ன நடந்தது என்று சொல்வார். இதற்கு 'எக்கோ' என்று பெயரிட்டார்கள்.

இப்படிப் படித்த கிராமத்து மருத்துவர் கொடுக்கும் சிகிச்சை நிபுணர் கொடுக்கும் சிகிச்சைக்கு ஈடாகுமா? இதையும் அவர்கள் ஆராய்ந்து பார்த்தார்கள். 16 சமுதாய மருத்துவ மையங்களும் 5 சிறைச்சாலைகளுமாக 21 இடங்களிலும், பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்ற 407 நோயாளிகளின் நிலை ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பல்கலைக்கழக மருத்துவமனையில் நோய் நீங்கினவர்கள் 100-க்கு 57.5 பேர். கிராம மையங்களிலும் சிறைகளிலும் 100-க்கு 58.2 பேர். 2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழில் இது வெளியாயிற்று. அந்நாட்களில் அந்நோய்க்குக் கொடுக்கப்பட்ட ஊசி மருந்து கடும் பக்கவிளைவுகள் உள்ளது. இன்று சில வார மாத்திரைகளாலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள். அவ்வளவு கடினமான சிகிச்சையையே சிறைச்சாலை மருத்துவர் ஒருவர் வாராந்திர வகுப்பின் துணையோடு நிபுணருக்கு ஈடாகச் செய்ய முடிந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இன்று பல நாடுகளில், பல நோய்களுக்கு இம்முறையில் வகுப்புகள் நடக்கின்றன. நம் நாட்டில் பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் மனநோய், குடிநோய் சிகிச்சையைப்பற்றியும், திருவனந்தபுரத்திலுள்ள பாலியம் இந்தியா வலி தணிப்பு சிகிச்சையைப்பற்றியும் இம்முறையில் பயிற்சி அளித்து வருகின்றன.

வலி தணிப்பில் பயிற்சிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. மார்ஃபின் அபினியிலிருந்து எடுக்கப்படுவதால் அதற்குக் கடுமையான சட்டக் கட்டுப்பாடு இருந்தது. உரிமங்கள் பல வாங்க வேண்டியிருந்ததால் அநேக மருத்துவமனைகள் அதை வைத்துக்கொள்ளவே அஞ்சின. 2014-ல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதாக்கப்பட்டது. ஆயினும் அங்கீகாரம் பெற விரும்பும் மருத்துவமனையில் வலி தணிப்பில் பயிற்சி பெற்ற டாக்டர் இருக்க வேண்டும். பயிற்சி இல்லையேல் மருந்தும் இல்லை. மருந்து இல்லையேல் அந்தத் தாயார் முனகிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கற்றதும் செய்ததும்

அன்றைய வகுப்பில் நம் டாக்டரின் பயம் தெளிந்தது. வாய்வழியாகக் கொடுக்கும் மார்ஃபினைச் சிறிய அளவில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி வந்தபின் கொடுப்பதல்ல, வருமுன் கொடுப்பதே முறை. தேவைக்கேற்ப அளவைப் படிப்படியாக உயர்த்தலாம். இப்படி முறையாகக் கொடுத்தால் மூச்சு நின்றுவிடும் என்ற பயம் வேண்டியதில்லை. மலச்சிக்கல் நிச்சயம் வரும், ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். புண்ணின் வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து மேலே தூவலாம். மலிவான மாத்திரை. நம் மருந்தகத்தில் எப்போதும் இருப்பது. அதை இப்படியும் பயன்படுத்தலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது.

மறுநாள் நம் தாதி ஒருவர் மருந்தோடு அந்த வீட்டுக்குப் போனார். நாங்களும் உடன் சென்றோம். கட்டுக் கட்டி முடித்தபின் தாதி அவர் பக்கத்தில் திண்ணையில் அமர்ந்து, "பாட்டி, மனசுல எது உங்களை ரொம்பப் பயமுறுத்துது?" என்று மெதுவாகக் கேட்டார். வெகு நேரம் அவர் பேசவில்லை. பிறகு தெளிவில்லாத பேச்சில் சொன்னார்: "சாவுக்குப் பயமில்ல தாயி. இருக்கிற அரைக் காணியையும் வித்து வைத்தியம் பார்ப்பேன்னு மகன் நிக்கிறான். அப்புறம் பிள்ளைங்க எங்க போகும்? இந்த நாத்தத்துக்குப் பேத்தி கிட்டயே வர மாட்டேங்குறா."

நாங்கள் இரண்டு தடவை ஜெபித்தது அவருடைய சுகத்துக்காக. அவருடைய பாரமோ வேறாக இருந்தது. அன்று மாலை மகனோடு வெகு நேரம் பேசினோம். நிலத்தை விற்று எங்கே கொண்டுபோனாலும் நோய் மாறாது, வலியை மட்டும் இங்கேயே மாற்றலாம் என்று டாக்டர் தொலைபேசியில் விளக்கிச் சொன்னார். மகன் அழுதுவிட்டு ஒத்துக்கொண்டார்.

அடுத்த வியாழனன்று டாக்டர் வகுப்பில் அறிவித்தார்: இரவில் ஆறு மணி நேரம் தூங்குகிறார், வாடை குறைந்திருக்கிறது, பேத்தி பக்கத்தில் வந்து உட்காருகிறாள். திரையிலிருந்த வேறோர் ஊரின் தாதி, "அந்த மாத்திரைப் பொடியை நாங்களும் எங்கள் நோயாளிக்குப் போட்டோம்" என்றார். ஒருவருடைய நோயாளி மற்றவர்களுக்குப் பாடமாகிறார். பாட்டி பின்னும் ஏழு வாரங்கள் தம் வீட்டிலேயே இருந்து, தம் ஜனத்தார் சூழ அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நிலம் குடும்பத்துக்கே நின்றது.

எல்லாம் நன்மையாகவே முடிந்ததோ?

பங்காளர்களுக்கு உண்மையை மறைப்பது முறையல்ல. இதற்கு முன் வேறோர் இணையவழிப் படிப்பில் நம் தாதியரைச் சேர்த்திருந்தோம். இரண்டு மணி நேரம் ஒருவர் பேசிக்கொண்டேயிருப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டேயிருப்பார்கள். இரவு வேலை முடிந்து வந்த பிள்ளைகள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். சான்றிதழ் கிடைத்தது, வார்டில் ஒரு மாற்றமும் காணவில்லை. கருவி அன்றும் ஏறக்குறைய இதேதான். கேள்விக்கும் மறுமொழிக்கும் இடமில்லாததே குறை.

2020 மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது நம் தாதியர் பள்ளி மாணவிகள் வீடு திரும்பினார்கள். பாடங்களைக் கைபேசி வழியாக நடத்தினோம். வீட்டில் ஒரே கைபேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையிலிருந்தவர்கள் பின்தங்கிப்போனார்கள். இணையவழிக் கல்வி எல்லாருக்கும் சமமாய்ப் போய்ச் சேராது, இல்லாதவரை எண்ணித் திட்டமிட வேண்டும் என்பதை அப்போது கற்றுக்கொண்டோம். திரும்பி வந்தபோது நாடி பார்ப்பதையும் ஊசி போடுவதையும் முதலிலிருந்தே கைபிடித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. திரையில் நூறு தடவை பார்த்தாலும் கை பழகுவது நோயாளியின் பக்கத்தில்தான்.

வியாழன் வகுப்பிலும் குறைகள் உண்டு. மின்சாரம் போகும். மழை நாளில் இணைப்பு அறுந்துபோகும். ஒரு சமயம் கடும் வலியிலிருந்த ஒரு மனிதரைப்பற்றி எடுத்துரைக்க ஆயத்தமாயிருந்தோம். இணைப்புக் கிடைக்கவில்லை. மறு வியாழன் வருமுன் அவர் மரித்துப்போனார். வலி நாள் பார்த்து வருவதில்லை. அதற்குப்பின், அவசரமானால் உடனே கூப்பிட நிபுணர் ஒருவரின் தொலைபேசித் தொடர்பைக் கேட்டுப் பெற்றோம். ஆயினும் அந்த மனிதரின் முகம் எங்கள் நினைவை விட்டு அகலவில்லை.

இன்னொன்று: நோயாளியின் படத்தையும் பெயரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ஆலோசனை கேட்பது சுலபம், ஆனால் ஆபத்தானது. கையைவிட்டுப் போன படம் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே பெயர், ஊர், முகம் எதுவும் காட்டக்கூடாது, நோயாளியின் சம்மதமில்லாமல் எதுவும் பகிரக்கூடாது என்று நம் மருத்துவமனையில் விதி செய்திருக்கிறோம்.

வேதம் காட்டும் மாதிரி

தூரத்திலிருந்து போதிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. பவுல் அப்போஸ்தலன் கொலோசெ சபைக்கு நிருபம் எழுதியபோது அவர் காவலில் இருந்தார். அச்சபையாரில் அநேகர் அவருடைய முகத்தையே கண்டதில்லை என்று அந்த நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தால் அறிகிறோம். அந்நாளில் அவருக்குக் கிடைத்த கருவி எழுதுகோலும் மையும். அதைத் தாழ்வாக எண்ணாமல் பயன்படுத்தினார். வாசித்தபின் லவோதிக்கேயா சபைக்கும் அனுப்பி, அங்கிருந்து வருவதையும் வாங்கி வாசிக்கும்படி நான்காம் அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார். இரு சபைகளும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றையும் காண்கிறோம். தீகிக்கும் ஒநேசிமும் அங்கே அனுப்பப்பட்டார்கள். எழுதாததை வாயினால் அறிவிக்கவும், கலங்கினவர்களைத் தேற்றவும் ஆள் தேவைப்பட்டது. யோவானும் தம் இரண்டாம் நிருபத்தின் முடிவில், சொல்ல வேண்டியவை இன்னும் இருந்தும் அவற்றை எழுதாமல் நேரில் வந்து பேச விரும்புவதாகக் குறிப்பிடுகிறார். நிருபம் உபதேசத்தைக் கொண்டுபோகும். அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார ஒரு தீகிக்கு வேண்டும். திரை கற்றுத்தந்த கேள்வியைப் பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து கேட்டவர் நம் தாதிதான்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கியதும் இவ்வித எண்ணத்தினால்தான். தாம் ஒருவராகப் பார்க்கக்கூடிய நோயாளிகள் சிலரே, கற்பித்தால் அநேகரிடம் சிகிச்சை சேரும் என்று கண்டார். இன்று அந்தப் பாடம் சிறிய மருத்துவமனையின் வாசலுக்கே வந்திருக்கிறது.

பெரியவருக்கு எங்கள் பதில்

ஐயா, நீங்கள் கொடுத்த கட்டிலில் ஒரு சமயத்தில் ஒரு நோயாளி படுப்பார். நீங்கள் கொடுக்கும் இந்தத் திரை எவருக்கும் மருந்து கொடுக்காது, எவர் புண்ணையும் கட்டாது. கட்டில் அருகே நிற்கிற டாக்டருக்கும் தாதிக்கும் தெரியாததைத் தெரியப்படுத்தும். அப்படித் தெரிந்துகொண்டதனால் ஒரு தாயார் வலியில்லாமல் உறங்கினார், ஒரு குடும்பத்தின் நிலம் தப்பியது. ஆகவே திரைக்கும் கொடுங்கள், தாதியின் சம்பளத்துக்கும் வீடுகளுக்குச் செல்லும் வாகனத்துக்கும் கொடுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவாகாது.

ஜெபக் குறிப்புகள்

1. வியாழக்கிழமை வகுப்பில் கற்பிக்கும் நிபுணர்களுக்காகவும், கற்கும் நம் டாக்டர்கள், தாதியருக்காகவும் ஜெபியுங்கள்.

2. வீடுகளில் வலியோடிருக்கும் நோயாளிகள் தகுந்த காலத்தில் நம்மிடம் வந்து சேரவும், அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தார் பெலன் பெறவும் ஜெபியுங்கள்.

3. மின்தடை நேரங்களில் வகுப்பு நின்றுபோகாதபடி பேட்டரியும் இன்வெர்ட்டரும் தேவையாயிருக்கின்றன. இத்தேவை சந்திக்கப்பட ஜெபியுங்கள்.

4. எங்களுக்காகவும் ஜெபியுங்கள். நோயாளிக்காக ஜெபிக்குமுன் அவருடைய பயம் என்னவென்று கேட்டறியும் பொறுமையைக் கர்த்தர் எங்களுக்குத் தருவாராக.

 

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்